முனியாண்டிக்கு விட்ட மரம்

ஓர் ஈக்குப் பயந்து நடுங்கினேன் என்று சொன்னால் சிரிக்கத்தான் செய்வீர்கள். சிரியுங்கள். பாம்பு வந்தால் கம்பை எடுக்கலாம், திருடன் வந்தால் கூச்சல் போடலாம். பழ ஈ வந்து உட்கார்ந்து முட்டை வைத்துவிட்டுப் போனது நமக்குத் தெரியவே தெரியாது. மேலே பழம் பளபளவென்று இருக்கும். நறுக்கினால்தான் உள்ளே வெள்ளைப் புழு நெளியும்.

என் பெயர் பாப்பா. அடையாளக் கார்டிலேயே அப்படித்தான் போட்டிருக்கிறது. பிறப்பைப் பதியப் போன என் அப்பாவுக்கு அந்த நேரத்தில் வேறு பெயர் வாயில் வரவில்லையாம். ஐம்பதைத் தாண்டிய பிறகும் கிளினிக்கில் ‘பாப்பா’ என்று கூப்பிட்டால் நான்தான் எழுந்து போகவேண்டும். பக்கத்தில் இருப்பவர்கள் என் மடியில் குழந்தையைத் தேடுவார்கள்.

கோப்பெங் ஊருக்கு வெளியே, முன்பு ரப்பர் பால் தந்த கித்தா மரம் நின்ற தோட்டத்தில், நானும் என் வீட்டுக்காரர் கனகராஜும் பிலிம்பிங் போடுகிறோம். குறுக்கே வெட்டினால் நட்சத்திரம் நட்சத்திரமாக விழுமே, அந்தப் பழம். காய் கட்டைவிரல் அளவு இருக்கும்போதே ஒவ்வொன்றுக்கும் ஒரு காகிதப் பை மாட்டி, வாயை நூலால் கட்டிவிடுவோம். பை கட்டுவதும், கட்டிய பையை இடையிடையே பிரித்துப் பார்ப்பதும் என் பொறுப்பு. அதுவே எனக்கு வியாதியாகிவிட்டது. எந்தப் பையைக் கண்டாலும் பிரித்துப் பார்க்காமல் தாண்டிப் போகமாட்டேன். கடையில் வாங்கும் கச்சான் கடலைப் பொட்டலத்தையும் வழியிலேயே பிரித்து மோந்து பார்ப்பேன் என்று என் மகள் சாந்தினி கேலி செய்வாள்.

எங்கள் பழத்தை ஈப்போவில் வயிரவன் வாங்கிப் பெட்டி போட்டு வெளிநாட்டுக்கு அனுப்புகிறார். செட்டியார் வீட்டுப் பிள்ளை, நல்ல மனிதர், அதிர்ந்து பேசமாட்டார். அவர் ஒருநாள் காலையில் போன் செய்தபோதே குரலில் ஏதோ சரியில்லை.

“அக்கா, கோவிச்சுக்காதீங்க. நேத்து வந்த உங்க கூடையில ஒரு பழத்த வெட்டிப் பாத்தோம். புழு இருக்கு.”

“ஒரு பழம்தானே?”

“ஒண்ணு போதும்லா அக்கா. அங்க போயி ஒண்ணு தெரிஞ்சா முழுச் சரக்கையும் கொளுத்திடுவான். விவசாய இலாகாவுக்கும் நான் சொல்லித்தான் ஆவணும். மறைச்சா என் லைசன்ஸ் போயிடும்.”

போனை வைத்துவிட்டு அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். நிலம் எங்களுடையது இல்லை, அரசாங்கத்துடையது. ஏற்றுமதிக்குப் பழம் போடுகிறோம் என்ற பதிவு இருப்பதால்தான் குத்தகை ஓடுகிறது. பதிவு போனால் நிலம் போகும். நிலம் போனால் வீடும் போகும், ஏனென்றால் வீடும் அந்த நிலத்தில்தான் நிற்கிறது. சுற்றியிருந்த காட்டையெல்லாம் வீட்டு மனைக்காக அழித்து, எங்கள் வேலிவரை மண்வாரி இயந்திரம் வந்து நிற்கிறது. எப்போது கிளம்புவீர்கள் என்று அது கேட்பது மாதிரியே இருக்கும்.

அந்த வாரமே இலாகாவிலிருந்து அதிகாரி புவான் ஹசீனா வந்தார்; மலாயில் புவான் என்றால் நம் ‘அம்மா’ மாதிரி மரியாதைச் சொல். கறாரான பெண். ஆனால் முகத்தைச் சுளிக்காமல் சேற்றில் இறங்கி நடப்பார், அதனால் எனக்கு அவரைப் பிடிக்கும். தோட்டத்தில் அங்கங்கே பொறிப் போத்தல் தொங்கவிட்டிருக்கிறோம். உள்ளே மருந்து நனைத்த பஞ்சு இருக்கும், ஆண் ஈ அந்த வாடைக்கு வந்து விழுந்து சாகும். புவான் ஒவ்வொரு போத்தலாகக் கழற்றி, உள்ளே விழுந்துகிடந்ததைக் கையில் கொட்டிப் பார்த்துக்கொண்டே நடந்தார். ரோட்டுப் பக்கத்தில் ஒன்றிரண்டுதான் இருந்தன. கால்வாயை நெருங்க நெருங்கக் கூடிக்கொண்டே போயின. கடைசிப் போத்தல் கழுத்துவரை கறுப்பாக நிறைந்திருந்தது. அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

மூங்கில் புதருக்குப் பின்னால், கால்வாய்க்கு அந்தப் பக்கம், முனியாண்டி கோயில் இருக்கிறது. கோயில் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு தகரக் கூரை, அரிவாளோடு சாமி, அவ்வளவுதான். கோயிலுக்கு முன்னால் எங்கள் பிலிம்பிங் மரம் ஒன்று தனியாக நிற்கிறது. பை கிடையாது, மருந்து கிடையாது, யாரும் பறிப்பது கிடையாது. பழுத்து, வெடித்து, கீழே மெத்தை மாதிரி விழுந்து அழுகிக் கிடந்தது. புளித்த வாடை மூக்கில் ஏறியது. புவான் பூட்ஸ் காலால் ஒரு பழத்தைப் புரட்டினார். அதன் அடியில் கொதிக்கிற சோறு மாதிரி புழு துள்ளியது. நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

“பொக்கோ இனி சியாப்பா பூஞ்ஞா?” என்றார். இந்த மரம் யாருடையது என்று கேட்கிறார்.

என் வீட்டுக்காரர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, “டத்தோ பூஞ்ஞா, புவான்” என்றார். சாமியுடையதாம்.

அவர் சாமியைக் கேலி செய்யவில்லை, அதையும் சொல்லிவிடவேண்டும். பிறகு மெதுவாக மலாயில், “டத்தோவை நான் ஒன்றும் சொல்லமாட்டேன். ஆனால் ஈக்கு அதெல்லாம் தெரியாது. அடுத்த மாதம் வருவேன். இந்த மரத்திலும் கீழேயும் ஒரு பழம்கூட இருக்கக்கூடாது. உங்கள் பழத்தை வெட்டும்போது ஒரு புழுகூட இருக்கக்கூடாது. இருந்தால் நான் கையெழுத்துப் போட முடியாது” என்றார்.

ஒரு மரத்தைக் காலி செய்வதற்கு என்ன பெரிய கஷ்டம் என்று நினைப்பீர்கள். அதைச் சொல்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் சாந்தினிக்கு டிங்கிக் காய்ச்சல் வந்தது. ஈப்போ ஆஸ்பத்திரியில் அவள் பக்கத்தில் நான் இருந்தேன். ரத்தத்தில் பிளேட்லட் இறங்கிக்கொண்டே போனது. பல்லில் ரத்தம் கசிந்தது. எதற்கும் தயாராக இருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். நான் என் வீட்டுக்காரருக்குப் போன் செய்து அழுதேன். அப்போது இவர் தோட்டத்தில் அந்த மரத்தடியில் நின்றுகொண்டிருந்தாராம். போனைக் கீழே போட்டுவிட்டு மரத்தைக் கட்டிப்பிடித்து, “முனியாண்டி, இந்த மரம் இனி ஒனக்குத்தான். காய்ச்சாலும் ஒனக்கு, அழுவுனாலும் ஒனக்கு. நானும் தொடமாட்டேன், யாரையும் தொட விடமாட்டேன். எம் புள்ளைய மட்டும் குடுத்துடு” என்று கத்தியிருக்கிறார். அன்று சாயங்காலத்திலிருந்து பிளேட்லட் ஏற ஆரம்பித்தது. டாக்டர், மருந்து வேலை செய்கிறது என்றார். இவர் முனியாண்டி என்றார். நான் இரண்டு பேரையும் கையெடுத்துக் கும்பிட்டேன்.

அதுமுதல் அந்த மரத்தை யாரும் தொடவில்லை. மரம் சின்னதாக இருந்தவரை பெரிதாகத் தெரியவில்லை. இந்த வருஷம்தான் கொப்பு தாங்காமல் காய்த்துத் தொலைத்தது. காட்டை அழித்ததில் ஈக்கும் போக்கிடம் இல்லாமல் இங்கே வந்து குடியேறிவிட்டது.

புவானின் கார் போனதும் எங்களுக்குள் சண்டை ஆரம்பித்தது.

“நெலம் போனா போவட்டும்!” என்றார் இவர்.

“போனா எங்கங்க போறது? ஒங்க அக்கா வீட்டு அஞ்சடித் திண்ணையிலயா?”

“எங்கயோ போலாம். செம்பனைத் தோட்டத்துக்குப் போறேன், ராத்திரி காவலுக்கு ஜாகா வேலைக்குப் போறேன். எம் புள்ள இருந்தா போதும்.”

“எனக்கு மட்டும் வேணாமா? நான் பெத்தவ இல்லையா?”

“அப்ப நீயே சொல்லு. நான் பழத்தப் பறிக்கிறேன், நாளைக்கு அவளுக்கு ஒண்ணு ஆவுது. அப்ப என்ன பண்ணுவ?”

அதெல்லாம் ஒன்றும் ஆகாது என்று சொல்ல வாயெடுத்தேன். ஆகிவிட்டால்? கொடுத்ததைத் திருப்பி எடுத்துக்கொண்டால்?

உள்ளேயிருந்து சாந்தினி வந்தாள். ஈப்போவில் காலேஜில் படிக்கிறாள். தினமும் மோட்டர் சைக்கிளில் போய்வருகிறவள். “என்னப் பத்திதானே பேசுறீங்க. நான் ஒண்ணு சொன்னா கேப்பீங்களா?” என்றாள்.

“நீ இதுல பேசாத!” என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம். அவள் எங்களை மாறிமாறிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலேஜிலிருந்து திரும்பி வந்தபோது அவள் மோட்டரின் வலது கண்ணாடியைக் காணவில்லை. சிம்பாங் பூலாய் சந்தியில் கல் ஏற்றிப் போகும் லோரி ஒன்று உரசிக்கொண்டு போயிருக்கிறது. கையில் சிராய்ப்புகூட இல்லை. “ஒண்ணும் இல்லலா, சும்மா கண்ணாடிதான்” என்று சொல்லிக்கொண்டே சாப்பிட உட்கார்ந்துவிட்டாள். இவர் என்னைப் பார்த்தார். முகம் சாம்பல் பூத்துப் போயிருந்தது.

“பாத்தியா பாப்பா? பேசுனதுக்கே இப்படி.”

அந்த வாரம் முழுக்க வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. நான் பழத்துக்குப் பை கட்டுவேன், கட்டிக்கொண்டே கால்வாய்ப் பக்கம் பார்ப்பேன். காற்று இந்தப் பக்கமாக அடித்தால் அந்தப் புளித்த வாடை வரும். ஈ பறப்பது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் மேலெல்லாம் ஊர்கிற மாதிரி இருக்கும். ஒரு பக்கம் புவானின் பேனா, ஒரு பக்கம் முனியாண்டியின் அரிவாள். நடுவில் என் பிள்ளை.

சன்னாசி அண்ணன்தான் வழி சொன்னார். எங்கள் தோட்டத்தில் மருந்தடிக்கிறவர். வெள்ளிக்கிழமைகளில் முனியாண்டிக்குப் பூசை போடுகிறவரும் அவர்தான். தோளில் மருந்து டப்பாவோடு வந்து என் பக்கத்தில் நின்றார்.

“தங்கச்சி, இப்படியே ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்தா ஆச்சா? பூக் கட்டிப் பாத்துடுவோம். குடுத்தவன்கிட்டயே கேட்டுடுவோம்லா.”

எங்கள் ஆட்களில் பெண் கொடுக்கவும் வீடு மாறவும் மனசு குழம்பினால் இப்படித்தான் கேட்பது. ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. சாமிக்கு முன்னால் வைத்து, கேட்கிறவர் கண்ணை மூடி ஒன்றை எடுக்கவேண்டும். வெள்ளை வந்தால் உத்தரவு உண்டு. சிவப்பு வந்தால் கிடையாது. அதற்குமேல் பேச்சே இல்லை.

“செவப்பு வந்தா?” என்று கேட்டார் இவர்.

“வந்தா மரத்தத் தொடக்கூடாது கனகு. நெலம் போனாலும் சரின்னு இருந்துக்கணும்.”

“வெள்ள வந்தா?”

“அவனே விட்டுட்டான்னு அர்த்தம். அப்பறம் புள்ளைக்கு ஒண்ணும் ஆவாது.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாரும் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போனோம். வெள்ளரளியும் செவ்வரளியும் பறித்துவைத்திருந்தேன். பொட்டலம் கட்ட எங்கள் பழப் பையையே சன்னாசி அண்ணன் கேட்டார், இரண்டும் ஒரே மாதிரி இருக்கும் என்று. கட்டும்போது யாரும் பார்க்கக்கூடாது. அவர் பூவையும் பையையும் நூலையும் வாங்கிக்கொண்டு கோயிலுக்குப் பின்பக்கம் போனார். தட்டைப் பிடித்துக்கொண்டு சாந்தினியும் கூடப் போனாள். கொஞ்ச நேரத்தில் இரண்டு பொட்டலங்களோடு திரும்பி வந்தார்கள்.

கற்பூரம் ஏற்றியதும் இவர் முட்டி போட்டு உட்கார்ந்தார். நான் சாந்தினியின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் கை ஐஸ் கட்டியாக இருந்தது. வெள்ளை வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். உடனே, நிலத்துக்காக வேண்டுகிறேனா என்று பயந்து, எது வந்தாலும் என் பிள்ளையை விட்டுவிடு என்று மாற்றி வேண்டிக்கொண்டேன்.

இவர் ஒன்றை எடுத்தார். சன்னாசி அண்ணன் நூலை இழுத்துப் பிரித்தார். வெள்ளைப் பூ.

“உத்தரவு!” என்று கத்தினார் சன்னாசி அண்ணன். இவர் தரையில் விழுந்து கும்பிட்டுவிட்டு, குழந்தை மாதிரி குலுங்கிக் குலுங்கி அழுதார். பிறகு எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏணியை இழுத்தார். நல்ல காரியத்துக்கு நேரம் பார்ப்பானேன் என்று அப்போதே பறிக்க ஆரம்பித்துவிட்டார்கள். பறித்ததையும் கீழே கிடந்ததையும் கறுப்பு பிளாஸ்டிக் பையில் அள்ளிப் போட்டு, வாயை இறுகக் கட்டி வெயிலில் வைக்கவேண்டும். அந்தச் சூட்டில் புழுவெல்லாம் வெந்துவிடும்.

சன்னாசி அண்ணன் எடுக்காத பொட்டலத்தை என்னிடம் கொடுத்து, “பிரிக்காம அப்படியே கால்வாயில விட்டுடு தங்கச்சி” என்றார்.

நான் போனேன். தண்ணீருக்குப் பக்கத்தில் குனிந்தேன். என் கையில் இருந்தது எங்கள் பழப் பை. நாளெல்லாம் அந்தப் பையைத்தானே பிரிக்கிறேன். நூலை இழுக்கவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. விரல் இழுத்துவிட்டது.

உள்ளேயும் வெள்ளைப் பூதான் இருந்தது.

முதலில் எனக்கு விளங்கவில்லை. சிவப்பு எங்கே என்று பையைக் கவிழ்த்துத் தட்டிக்கூடப் பார்த்தேன். பிறகுதான் விளங்கியது. சாமி உத்தரவு கொடுக்கவில்லை. சாமியை யாரும் கேட்கவே இல்லை.

பின்னால் மரத்தில் இவர் சிரிக்கிற சத்தம் கேட்டது. எத்தனையோ நாள் கழித்துக் கேட்ட சிரிப்பு. பழம் தொப்புத் தொப்பென்று விழுந்துகொண்டிருந்தது. நிறுத்துங்க என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் நின்றிருக்கும். பாதி மரம் இன்னும் பறிபடாமல் இருந்தது. என் வாய் திறந்தது. கண்முன்னால் வேலியோரத்து மண்வாரி வந்தது, எங்கள் வீடு வந்தது. வாயை மூடிக்கொண்டேன். பூவைத் தண்ணீரில் விட்டேன்.

சன்னாசி அண்ணனைத் தனியாக இழுத்துப் போய், “என்னண்ணே இப்படிப் பண்ணிட்டீங்க? ரெண்டுலயும் வெள்ள!” என்றேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. “ஐயோ, முனியாண்டி சத்தியமா நான் கட்டல தங்கச்சி. எனக்குக் கண்ணுல புரை, நூலு முடிச்சே விழல. ஒம் மவதான், ‘குடுங்க மாமா, நான் கட்டுறேன்’னு வாங்குனா. நான் திரும்பி நின்னுக்கிட்டேன்.”

என் கையில் அந்தப் பை இன்னும் இருந்தது. நூலைப் பார்த்தேன். ஒரு முனையை இழுத்தால் முழுதும் அவிழ்கிற முடிச்சு. நான்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

யாரிடமும் மூச்சு விடாதீர்கள் என்று சன்னாசி அண்ணனிடம் சொல்லிவிட்டேன். சாந்தினியிடமும் கேட்கவில்லை. கேட்டால் அவள் ஆமாம் என்று சொல்லிவிடுவாளே என்று பயம்.

அந்த மாதத்தை நான் எப்படித் தள்ளினேன் என்று எனக்கே தெரியாது. காலையில் அவள் மோட்டரை எடுத்தால் என் உயிர் கூடவே போகும். சாயங்காலம் ரோட்டோரத்தில் நின்று காது கொடுத்துக் கேட்பேன். எல்லா மோட்டரும் ஒரே மாதிரிதான் இரைகின்றன, நாசமாய்ப் போக. ஒருநாள் இரண்டு தும்மல் போட்டாள் என்று கிளினிக்குக்கு இழுத்துப்போய், டிங்கி இருக்கா பாருங்கள் என்று ரத்தம் எடுக்கவைத்தேன். டாக்டர் என்னைத்தான் ஒரு மாதிரி பார்த்தார். இவரோ உத்தரவு கிடைத்த நிம்மதியில் குறட்டை விட்டுத் தூங்கினார். கூரையே அதிரும் அந்தச் சத்தத்தில் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். ஆனால் போத்தல்களில் ஈ குறைந்துகொண்டே வந்தது. அதைப் பார்த்துச் சந்தோஷப்படவும் பயமாக இருந்தது.

புவான் ஹசீனா சொன்ன நாளில் வந்தார். கோயில் பக்கம் போய் மரத்தைச் சுற்றிப் பார்த்துத் தலையை ஆட்டினார். கொட்டகையில் உட்கார்ந்து, கூடை கூடையாகப் பழத்தை எடுத்து வெட்டினார். ஒவ்வொரு நட்சத்திரமாகத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். கத்தி பலகையில் படும்போதெல்லாம் இவர் கண்ணை மூடிக்கொண்டார். வெளியே மழை பிடித்துக்கொண்டது. நான் பழத்தைப் பார்க்கவில்லை. சுவரில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாந்தினி வரவேண்டிய நேரம் தாண்டிவிட்டது. போன் அடித்தேன், எடுக்கவில்லை.

கடைசியில் புவான் கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு, “பெர்சே” என்றார். சுத்தம் என்று அர்த்தம். கையெழுத்தும் போட்டுவிட்டார். இவர் துண்டை உதறிப்போட்டு ஆடாத குறைதான்.

அப்போதுதான் வயிரவன் கார் வந்தது. நல்ல செய்தியை நேரில் கேட்கலாம் என்று ஈப்போவிலிருந்து வந்திருக்கிறார். நனைந்த தலையைத் துவட்டிக்கொண்டே, “சாரிக்கா, லேட்டாயிடுச்சு. சிம்பாங் பூலாய்ல ஒரே ஜேம், வண்டி நகரவே இல்ல. கல் லோரிக்கு அடியில ஒரு மோட்டர் பூந்துடுச்சு. பாக்கவே முடியல, பாவம்” என்றார்.

“ஆம்பளையா, பொம்பளையா?” என்று கேட்டேன்.

“தெரியலக்கா. துணி போட்டு மூடியிருந்தாங்க.”

மழையில் ஓடினேன். எங்கே ஓடுகிறேன் என்று தெரியாமலே கால்வாயைத் தாண்டிக் கோயில் முன்னால் போய் விழுந்தேன். “முனியாண்டி! கட்டுனது அவ இல்ல, நான்னு வச்சுக்க! பாத்துட்டும் வாயப் பொத்திக்கிட்டு நின்னது நான்தான்! நெலம் வேணும்னு நின்னேன். கணக்கு இருந்தா எங்கூட தீத்துக்க. அவள விட்டுடு!” என்று மண்ணில் அடித்து அடித்துக் கத்தினேன். சாமி அரிவாளை ஓங்கிக்கொண்டு நின்றது. மொட்டை மரத்திலிருந்து தண்ணீர் சொட்டியது.

எவ்வளவு நேரம் கிடந்தேனோ தெரியாது. முதுகில் ஒரு கை பட்டது.

“ம்மா? மழையில என்னம்மா பண்றீங்க?”

சாந்தினி. தலையில் ஹெல்மெட்கூடக் கழற்றவில்லை. எழுந்து அவள் தோளில் பளாரென்று ஓர் அடி வைத்தேன். பிறகு கட்டிப்பிடித்துக்கொண்டேன். ஜேமில் மாட்டிக்கொண்டாளாம், மழைக்கு போனை பிளாஸ்டிக்கில் சுற்றிப் பைக்குள் வைத்திருந்தாளாம். அவள் சொல்லச் சொல்ல அவள் முகம், கை, விரல் எல்லாவற்றையும் தடவித் தடவிப் பார்த்தேன். செத்துப்போனது யார் பெற்ற பிள்ளையோ. அதை நினைக்கக்கூட அப்போது எனக்கு மனசு இல்லை.

“ஏண்டி ரெண்டுலயும் வெள்ளையே வச்ச?” என்று கேட்டுவிட்டேன்.

அவள் ஹெல்மெட்டைக் கழற்றினாள். “எப்பம்மா பாத்தீங்க?”

“அன்னைக்கே.”

“பறிக்கிறதுக்கு முன்னாலயா?”

“பறிச்சுக்கிட்டு இருக்கிறப்ப.”

“அப்பறம் ஏன் நிறுத்தல?”

அவள் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மழை இரண்டு பேர் மேலும் பெய்துகொண்டிருந்தது. அவளே என் கையைப் பிடித்தாள்.

“விடுங்கம்மா. செவப்பு வந்தா நெலம் போயிடும். வெள்ள வந்து, அதுக்கப்பறம் எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா, நாந்தானே பறிச்சேன்னு அப்பா சாவுற வரைக்கும் அழுவாரு. நான் கட்டிட்டா, சாமி குத்தம் என் மேலதான், அது என்னோட போயிடும்ல.”

“பயமா இல்லையாடி ஒனக்கு?”

“இல்லாம? மோட்டர ஸ்டார்ட் பண்றப்ப எல்லாம் கை நடுங்குதும்மா. சந்திகிட்ட வந்தா எறங்கித் தள்ளிக்கிட்டுதான் போறேன். நாளைக்கும் அப்படித்தான் போவணும்.”

கொட்டகையிலிருந்து இவர் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. “பாப்பா! சாந்தினி! எங்க போயிட்டீங்க? பழம் வெட்டி வச்சிருக்கேன், வாங்க லா!”

கண்ணைத் துடைத்துக்கொண்டு போனோம். புவானுக்கும் வயிரவனுக்கும் கொடுத்ததுபோக எங்களுக்கு ஒரு தட்டு நிறைய வைத்திருந்தார். ஆளுக்கு ஒரு நட்சத்திரத்தை எடுத்து நீட்டினார். வாயில் போடுவதற்கு முன்னால் நானும் சாந்தினியும் துண்டை வெளிச்சத்தில் தூக்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தோம்.

“அட, அதான் ஒண்ணும் இல்லன்னு புவானே சொல்லிட்டாங்களே. சாமியும் உத்தரவு குடுத்துடுச்சு. இன்னும் என்ன பயம் ரெண்டு பேருக்கும்?” என்று இவர் சிரித்தார்.

நாங்கள் பழத்தைத் தின்றோம்.